1912இல் கட்டிய பேஸ்பால் மைதானம்: இடிப்பதா, பழுது பார்ப்பதா?

1999 மே மாதம் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி, தன் பழைய மைதானத்தைக் கைவிட்டுப் புதிதாக ஒன்று கட்டப்போவதாக அறிவித்தது. பழைய மைதானத்தின் பெயர் ஃபென்வே பார்க். அங்கே முதல் லீக் ஆட்டம் நடந்தது 1912 ஏப்ரல் 20 அன்று. புதியது அதன் பக்கத்திலேயே எழும்பும், சுமார் 44,000 பேர் உட்காரலாம் என்றார்கள். இடது பக்க எல்லையில் நிற்கும் 37 அடி உயரப் பச்சைச் சுவரைக்கூட அப்படியே மறுபடி கட்டித் தருவதாகத் திட்டம். ரசிகர்கள் அந்தச் சுவரை கிரீன் மான்ஸ்டர் என்பார்கள். செலவு 50 கோடி டாலருக்கு மேல், அதில் கணிசமான பங்கு அரசுப் பணம். பழையதைப் புதுப்பிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்பது அப்போதைய நிர்வாகத்தின் வாதம்.

2002இல் அணி கைமாறியது. ஜான் ஹென்றி தலைமையில் வந்த புதிய உரிமையாளர்கள், பால்டிமோரின் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த கட்டடக் கலைஞர் ஜேனட் மேரி ஸ்மித்தை அழைத்துவந்து, ஃபென்வேயை என்ன செய்யலாம் என்று பார்க்கச் சொன்னார்கள். 2005 மார்ச்சில் 'இங்கேயே இருக்கிறோம்' என்று அறிவித்தார்கள். 2002இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் சுமார் 28.5 கோடி டாலர் செலவில் வேலை முடிந்தது. மைதானம் 2061 வரைகூடத் தாங்கும் என்று அப்போது செய்திகள் வந்தன.

இரண்டு நிர்வாகத்துக்கும் கிடைத்தது ஒரே கான்கிரீட், ஒரே இரும்பு. முடிவு மட்டும் நேர் எதிர். ஒரு மைதானத்துக்கு 'வயதாகிவிட்டது' என்று சொல்லும்போது உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் இதில் யார் பக்கம் நியாயம் என்று பேச முடியும்.

கான்கிரீட் நாள் ஆக ஆக மக்கிப்போகும் பொருள் இல்லை. சிமென்ட்டும் தண்ணீரும் சேர்ந்து நடக்கும் வேதிவினை மெதுவாகப் பல ஆண்டுகள் தொடர்வதால், நல்ல கான்கிரீட்டின் வலிமை காலப்போக்கில் கொஞ்சம் கூடவே செய்யும். பிரச்சினை அதன் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியில் தொடங்குகிறது. புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது, பிஎச் அளவு 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிறது. படலம் இருக்கும் வரை தண்ணீரும் ஆக்சிஜனும் கம்பியைத் தொட்டாலும் துரு ஏறாது.

இந்தப் பாதுகாப்பை இரண்டு எதிரிகள் உடைக்கிறார்கள். முதலாவது காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு. அது கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே நுழைந்து, உள்ளே இருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடைச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றுகிறது. பிஎச் 9க்குக் கீழே இறங்குகிறது, படலம் கரைகிறது. ஆனால் இது மிக மெதுவான எதிரி. அது ஊடுருவும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முதல் 10 ஆண்டில் 5 மில்லிமீட்டர் போனால், 10 மில்லிமீட்டரை எட்ட 40 ஆண்டு வேண்டும், 15ஐ எட்ட 90 ஆண்டு வேண்டும். கம்பிக்கு வெளியே விடும் கான்கிரீட் கவர் அடர்த்தியாகவும் 4 சென்டிமீட்டர் கனமாகவும் இருந்தால் நூறு ஆண்டு தாண்டினாலும் கம்பிக்கு ஆபத்து வராமல் போகலாம். கவர் ஒரு சென்டிமீட்டர்தான் என்றால் அதே கட்டடம் ஐம்பதுக்குள் உதிர ஆரம்பிக்கும். ஒரே ஆண்டில் ஒரே சிமென்ட்டில் கட்டிய இரண்டு கேலரிகளின் விதி வேறு வேறாவதற்கு, கட்டும் நாளில் மேஸ்திரி காட்டிய கவனமே போதுமான காரணம்.

இரண்டாவது எதிரி உப்பு. பாஸ்டன் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. பனியைக் கரைக்க உப்பு தூவுவதும் அந்தப் பகுதியின் வழக்கம். உப்பிலிருக்கும் குளோரைடு, காரத்தன்மை குறையாத கான்கிரீட்டிலும் படலத்தில் புள்ளி புள்ளியாக ஓட்டை போட்டுவிடும். துரு தொடங்கியதும் அடுத்த கட்டம் இயந்திரவியல். துரு, தான் உருவான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். மரத்தில் அடித்த ஆப்பு போல அது உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளக்கிறது. விரிசல் வழியே இன்னும் தண்ணீர், இன்னும் துரு. கடைசியில் ஒரு துண்டு பெயர்ந்து விழுகிறது.

சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் 2004இல் இதுதான் நடந்தது. 1914இல் கட்டிய மைதானத்தின் மேல்தளத்திலிருந்து கான்கிரீட் துண்டுகள் விழுந்தன. நகர நிர்வாகம் சோதனை செய்யச் சொன்னது, மேல்தளத்தின் அடியில் வலை கட்டினார்கள். பத்து ஆண்டு கழித்துப் பெரிய அளவில் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது. அணி இன்றும் அங்கேதான் ஆடுகிறது.

குளிர்நாட்டு மைதானங்களுக்கு மூன்றாவதாக ஒரு தொல்லை உண்டு: உறைபனி. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. கான்கிரீட்டின் துளைகள் நிரம்ப நனைந்திருக்கும்போது உறைந்தால், விரிவதற்கு இடமில்லாமல் மேல்பரப்பு செதில் செதிலாக உரிந்துவிடும். இன்றைக்கு இதற்கு எளிய மருந்து இருக்கிறது. கலக்கும்போதே ஒரு திரவத்தைச் சேர்த்து, மிகச் சிறிய காற்றுக் குமிழிகளைக் கான்கிரீட் முழுக்கப் பரப்பிவிடுகிறார்கள். உறையும் நீர் அந்தக் குமிழிகளுக்குள் ஒதுங்கிக்கொள்கிறது. இது தற்செயலாகக் கிடைத்த அறிவு. 1930களில் நியூயார்க் மாநிலச் சாலைகளில் சில பகுதிகள் மட்டும் குளிர்காலங்களைத் தாங்கி நின்றதைப் பார்த்து ஆராய்ந்தபோது, அந்த சிமென்ட்டை அரைக்கையில் சேர்த்த கொழுப்புதான் குமிழிகளை உண்டாக்கியது என்று தெரியவந்தது. ஃபென்வேயின் கீழ்த்தளக் கான்கிரீட் 1912ஐச் சேர்ந்தது. 1934இல் மைதானத்தைப் பெரிய அளவில் திருத்திக் கட்டியபோதும் இந்த அறிவு பரவவில்லை. அந்தக் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி.

மூன்று எதிரிகளுக்கும் பொதுவானது தண்ணீர் என்பதைக் கவனியுங்கள். ஈரம் இல்லாமல் துரு இல்லை, உப்பு உள்ளே நகராது, உறைவதற்கும் எதுவும் இல்லை. அதனால்தான் ஃபென்வேயில் கிரீன் மான்ஸ்டர் மேல் 2003இல் போட்ட இருக்கைகள் எல்லோருடைய கண்ணையும் கவர்ந்தாலும், மைதானத்தின் ஆயுளை நீட்டியது அவை இல்லை. பல குளிர்காலங்களில் பகுதி பகுதியாக இருக்கைகளைக் கழற்றி, கீழ்த்தளக் கான்கிரீட்டைப் பழுது பார்த்து, வாட்டர்புரூஃபிங் செய்து, இருக்கைகளைத் திரும்பப் பொருத்தினார்களே, அந்த வேலைதான் அதைக் காப்பாற்றியது. பேஸ்பால் ஆட்டங்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. நவம்பரிலிருந்து மார்ச் வரை மைதானம் காலியாக இருக்கும். பத்து குளிர்காலம் கிடைத்தால் ஒரு ஆட்டம்கூட இடம் மாறாமல் மைதானம் முழுவதையும் முடித்துவிடலாம்.

சரி, எங்கே பழுது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொடக்கம் பழைய முறைதான்: சுத்தியலால் தட்டுவது. உள்ளே பிளந்திருந்தால் பொள்ளலான சத்தம் வரும். பெரிய தளங்களில் இரும்புச் சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்து, சத்தம் மாறும் இடத்தைக் குறிப்பார்கள். அப்புறம் சில இடங்களில் உருளை வடிவில் கான்கிரீட்டைத் துளைத்து எடுத்து, வெட்டிய பரப்பில் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். பள்ளி ஆய்வகத்தில் பார்த்த அதே கரைசல். காரம் மிச்சமிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும், கார்பன் டை ஆக்சைடு தின்ற பகுதி நிறமில்லாமல் நிற்கும். ஸ்கேல் வைத்து அளந்தால் எதிரி கம்பிக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அதே துண்டை அடுக்கடுக்காகப் பொடியாக்கி, எந்த ஆழத்தில் எவ்வளவு குளோரைடு என்றும் பார்க்கலாம். கம்பியின் மின்னழுத்தத்தை ஒரு செம்பு மின்முனையோடு ஒப்பிட்டு அளப்பது இன்னொரு வழி. மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிக் கீழே போனால், அங்கே துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு.

பழுது பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்துப் புதிய கான்கிரீட்டால் நிரப்பினால், சில ஆண்டுகளில் அந்த ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி வளையமாகப் புதிய துரு கிளம்பும். முன்பு துருப்பிடித்துக்கொண்டிருந்த இடம், தான் மின்வேதி முறையில் அழிவதன் மூலம் அக்கம்பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றி வந்தது. அதைச் சரிசெய்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது. இதற்காக ஒட்டுப்போடும் இடத்தில் துத்தநாகக் கட்டி ஒன்றைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் கரையும். ஆக, கான்கிரீட்டின் நோய்க்குக் காரணம் தெரியும், அளவெடுக்க முடியும், மருந்தும் உண்டு. வயது என்ற எண்ணை மட்டும் காட்டி ஒரு மைதானத்தை இடிக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நியூயார்க் யாங்கி ஸ்டேடியம் சம்பவத்தை இங்கே சிலர் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 1998 ஏப்ரல் 13 அன்று, ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு, சுமார் 225 கிலோ எடையுள்ள இரும்புத் துண்டு மேலிருந்து காலி இருக்கை மேல் விழுந்தது. அது எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டைச் சேர்ந்தது. 100 மீட்டர் நீளக் கட்டுமானம், கோடைக்கும் குளிருக்கும் இடையே 50 டிகிரி மாறும் ஊரில், சுமார் ஐந்தரை சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். அதற்காக விடும் இடைவெளிதான் அந்த ஜாயின்ட். நகர்ந்துகொண்டே இருக்கும் பாகம் என்பதால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். பயங்கரமான விபத்தாகியிருக்கக்கூடியது, சந்தேகமில்லை. ஆனால் சோதித்துப் பார்த்துச் சில நாட்களில் மைதானத்தைத் திறந்துவிட்டார்கள், பத்து ஆண்டுக்கு மேல் அங்கேயே ஆடினார்கள். 1976இல் திறந்த சியாட்டில் கிங்டோமில் 1994 ஜூலையில் கூரை உட்பக்க ஓடுகள் விழுந்தபோது அதற்கு வயது 18தான். ஒழுகும் கூரைக்கு வயது ஒரு பொருட்டில்லை. 2000 மார்ச்சில் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த மைதானத்துக்காக வாங்கிய கடனை அந்த வட்டார மக்கள் 2015 வரை கட்டினார்கள்.

இடிக்கச் சொல்பவர்கள் பக்கமும் வலுவான ஒரு வாதம் உண்டு. அது கான்கிரீட்டைப் பற்றியது இல்லை, வடிவத்தைப் பற்றியது. ஃபென்வேயின் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் பார்வையாளர்களுக்கு நடுவே நிற்கின்றன. பின்னால் உட்கார்பவருக்குப் பந்து எறிபவரோ அடிப்பவரோ தெரியாமல் போகலாம். வலது பக்க இருக்கைகள் சில, ஆட்டத்தின் மையத்தைப் பார்க்காமல் வேறு திசையைப் பார்க்கின்றன. மூன்று மணி நேரம் கழுத்தைத் திருப்பியே உட்கார வேண்டும். 1934ஆம் ஆண்டு மர இருக்கைகள் இன்றைய உடலுக்குக் குறுகல். எந்த வாட்டர்புரூஃபிங்கும் இதை மாற்றாது.

ஆனால் தூணை எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். தூண் இல்லாத மேல்தளம், பின்பக்கம் மட்டும் பிடிப்புள்ள உத்திரத்தில் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நீளம் கூடக் கூட உத்திரத்தில் வளைவு விசை, பரவிய எடைக்கு, நீளத்தின் வர்க்கமாக ஏறும். ஓரம் தொய்வதோ நீளத்தின் நான்காம் அடுக்காக ஏறும். கூட்டம் எழுந்து குதிக்கும்போது தளம் ஊசலாடும் சிக்கல் அதற்கு மேல். அதனால் வடிவமைப்பாளர்கள் மேல்தளத்தைப் பின்னால் தள்ளி உயரத்தில் வைக்கிறார்கள். சிகாகோவில் 1991இல் திறந்த புதிய கோமிஸ்கி பார்க்கில், மேல்தளத்தின் முதல் வரிசை, பழைய மைதானத்து மேல்தளத்தின் கடைசி வரிசை அளவுக்குத் தள்ளி இருந்தது. செங்குத்தாகவும் இருந்ததால் பின்னாளில் மேலே எட்டு வரிசைகளை அகற்றினார்கள். தூண் போனது, கூடவே நெருக்கமும் போனது. தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சிலருக்காக, மற்ற எல்லோரையும் தொலைவுக்கு அனுப்பும் பேரமாக எனக்கு அது படுகிறது.

அண்மையில் கைவிட்ட மைதானங்களைப் பார்த்தால் துருவின் பங்கு இன்னும் குறைவு. அட்லாண்டா அணி, 1996 ஒலிம்பிக்குக்குக் கட்டிய டர்னர் ஃபீல்டில் 1997 முதல் 20 பருவங்கள் ஆடிவிட்டுப் புறநகருக்குப் போனது. டெக்சாஸ் அணி 1994இல் திறந்த மைதானத்தை 2019இல் விட்டு, பக்கத்திலேயே கூரையும் குளிர்சாதனமும் உள்ள ஒன்றுக்கு மாறியது. டெக்சாஸ் வெயிலில் கூரை கேட்பது நியாயமான தேவை, மறுக்கவில்லை. அட்லாண்டா விஷயத்தில் எனக்கு அந்த அளவு சமாதானம் இல்லை. சிமென்ட் தயாரிப்பு மட்டுமே உலகக் கார்பன் வெளியேற்றத்தில் ஏழெட்டு சதவீதம் வகிக்கும் காலத்தில், இருபது வயதுக் கட்டடத்தைச் சலித்துப்போனதாக ஒதுக்குவது பெரிய செலவு.

ஃபென்வேயின் 2061 கணக்கும் நிபந்தனையோடு வருவதுதான். வாட்டர்புரூஃபிங் பூச்சுக்குக் கான்கிரீட்டைவிட ஆயுள் குறைவு. வெயிலும் ஆயிரக்கணக்கான காலடிகளும் அதைத் தேய்க்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒரு அணி வேறிடம் போவதென்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டால், முதலில் தள்ளிப்போடத் தோன்றுவது இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத செலவைத்தான். ஐந்து, பத்து ஆண்டு அப்படி விட்டால் மைதானம் உண்மையாகவே பழுதாகும், அதையே இடிப்பதற்குக் காரணமாகக் காட்டலாம். ஆகவே எந்த நகரமாக இருந்தாலும், புதிய மைதானத்துக்கு வரிப்பணம் கேட்டு வரும் அணியிடம் முதலில் சோதனை அறிக்கையைக் கேட்க வேண்டும். கவர் எத்தனை மில்லிமீட்டர், எந்த ஆழம் வரை காரம் குறைந்திருக்கிறது, குளோரைடு கம்பியைத் தொட்டுவிட்டதா, கடைசியாகப் பூச்சு போட்டது எந்த ஆண்டு என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். அந்த எண்கள் மேசைக்கு வந்த பிறகு இருக்கை அகலத்தையும் சொகுசு அறைகளையும் பற்றித் தாராளமாகப் பேசலாம்.