பாடு இல்லாத நாள் ஸ்டேட்டஸில் வராது

பாம்பன் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அம்மா தன் 19 வயது மகளை அழைத்து வந்தார். "ரத்தம் இல்லை போல டாக்டரம்மா. சோத்தைக் கண்டாலே ஓடுறா, ராத்திரி தூக்கமும் கிடையாது" என்றார். நான் டாக்டர் இல்லை, உளவியல் ஆலோசகர். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்து, திருத்துவதையே எப்போதோ விட்டுவிட்டேன். ரத்தப் பரிசோதனை ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பெண் துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எங்கள் பக்கத்து வெயிலுக்கு அது சகஜம்தான். ஆனால் அறைக்குள் வந்து, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகும் அதை எடுக்கவில்லை. மூன்றாவது முறை வந்தபோதுதான் போனைத் திறந்து என்னிடம் நீட்டினாள். அழித்த படங்கள் கிடக்கும் இடத்தில், ஒரே மதியத்தில் எடுத்த 64 செல்ஃபிகள் இருந்தன. ஒன்றைக்கூட அவள் எங்கேயும் போடவில்லை.

"எது பிடிக்கலைம்மா?"

"மூக்கு. அப்புறம் கலர்." ஃபில்டர் போட்ட படம் ஒன்றையும் போடாத படம் ஒன்றையும் மாற்றி மாற்றிக் காட்டினாள். ஃபில்டர் போடாத படத்தில் விரலை வைத்து, "இது யாரோ மாதிரி இருக்கு மேடம்" என்றாள்.

அன்றைக்கு ஒன்று செய்து பார்த்தோம். அவள் கையை நீட்டி எடுக்கும் தூரத்தில் ஒரு படம், நான் அறையின் மறுகோடிக்குப் போய் ஜூம் செய்து ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். முதல் படத்தில் மூக்கு பெரிது, காது ஒடுங்கிக் கிடந்தது. இரண்டாவதில் வேறு முகம். அது அவள் அம்மா தினமும் பார்க்கிற முகம். கேமராவை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் முன்னால் இருப்பது பெரிதாகவும் பின்னால் இருப்பது சிறிதாகவும் விழும். ஒரு அடி தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அகலம், ஐந்து அடி தூரத்தில் எடுத்த படத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடித் தெரியும் என்று அமெரிக்காவில் முக அறுவை சிகிச்சை மருத்துவர்கள் 2018இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, சின்னதாக்கிக் கொடுங்கள் என்று ஆட்கள் வர ஆரம்பித்ததால் அவர்கள் இதைக் கணக்குப் போட வேண்டியிருந்தது.

அவள் இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தாள். "எல்லாருக்கும் இப்படித்தான் விழுமா?" என்றாள். எல்லாருக்கும்தான் என்றேன்.

"அவளுக்கு விழலையே" என்று இன்னொரு பெண்ணின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் காட்டினாள். நடிகை இல்லை, மாடல் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருப்பவள், பள்ளிக்கூடத்தில் இவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

சினிமாவையும் நடிகைகளையும் பார்த்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பெற்றோர் என்னிடம் சொல்வார்கள். என் அறையில் நான் கேட்பது வேறு. வயிற்றெரிச்சல் பக்கத்துத் தெருவைப் பார்த்துத்தான் வருகிறது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இலேயே இதைச் சொல்லிவிட்டார். தன் திறமையும் கருத்தும் எந்த அளவில் இருக்கின்றன என்று அறிய அளவுகோல் இல்லாதபோது, மனிதன் மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கிறான். அதிலும் தன்னை ஒத்தவர்களைத்தான் தேடி எடுத்துக்கொள்கிறான். அம்பானியைப் பார்த்து நமக்குத் தூக்கம் கெடுவதில்லை. சித்தப்பா மகன் மாடி கட்டினால் கெடும்.

ஒப்பிடுவதே தப்பு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. சொன்னாலும் நிற்காது. கடற்கரையில் ஒப்பீடு இல்லாத நாள் ஏது? படகு கரைக்கு வந்ததும் யாருக்கு எத்தனை கூடை என்று எல்லாக் கண்ணும் அங்கேதான் போகும். ஆனால் கரையில் வெறும் படகும் வரும். டீசல் காசுகூடத் தேறாமல், கிழிந்த வலையோடு இறங்குகிறவனையும் அதே கண்கள் பார்க்கும். எங்கள் பேச்சில் பாடு என்றால் வலையில் விழுந்த மீன்; நேற்று நல்ல பாடு கண்டவனுக்கு இன்றைக்குப் பாடு இல்லை என்பதும், அவன் ஏலக்காரரிடம் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறான் என்பதும் ஊருக்கே தெரியும். முழுக் கணக்கும் தெரிந்து ஒப்பிட்ட ஊர் இது. போனில் பாடு கண்ட நாள் மட்டும் கரைக்கு வருகிறது.

இந்த வித்தியாசத்தை எனக்கே உறைக்க வைத்தவர்கள் இரண்டு இளைஞர்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. ஊரும் வேறு. அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

முதலாமவன் விசைப்படகில் போகிறவன், 26 வயது. நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். வலை கட்டுவது, படகுக்குப் பெயிண்ட் அடிப்பது என்று வேலை இருக்கும், ஆனால் நாள் முழுக்க இருக்காது. பகலில் திண்ணையில் போன், இரவில் பாயில் போன். வெளிநாடு போன கூட்டாளிகளின் கார், மால், பிரியாணி. "பார்த்தா வயிறு எரியுதுக்கா, பார்க்காமலும் இருக்க முடியல. நான் மட்டும் இங்கேயே கிடக்கேன்" என்றான். அந்த 61 நாளில் அவன் குடி கூடியிருந்தது. தடைக்காலத்தில் எங்களிடம் வரும் இளவட்டங்கள் கூடுவதற்குக் கைச்செலவுக்குக் காசு இல்லாதது முக்கியக் காரணம்தான். அதோடு போனும் சேர்ந்துகொள்கிறது என்பது என் அனுபவம்.

இரண்டாமவன் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவன். நெஞ்சு படபடப்பு, இதய டாக்டர் பார்த்துவிட்டு இங்கே அனுப்பியிருந்தார். நான்கு மாதம் சம்பளம் பாக்கி. ஓர் அறையில் ஒன்பது பேர். அவனுடைய பக்கத்தைப் பார்த்தால் பளபளப்பான மால், கண்ணாடிக் கட்டடம், கூலிங் கிளாஸ். ஏன் இப்படிப் போடுகிறாய் என்று கேட்டேன். "அம்மா பார்க்கும்லக்கா. வட்டிக்குக் குடுத்தவரும் பார்ப்பாரு. தங்கச்சிக்கு வேற பேசிட்டு இருக்காங்க" என்றான். அந்தப் படங்களின் வேலையே வேறு. கடன்காரர் அம்மாவின் வாசலுக்கு வராமல் இருக்க, மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்காமல் இருக்க அவன் அவற்றைப் போட்டுக்கொண்டிருந்தான். இப்படிப்பட்ட படங்களைத்தான் ஏதோ ஒரு திண்ணையில் படுத்துக்கொண்டு இன்னொருவன் பார்த்து எரிந்துகொண்டிருக்கிறான். இரண்டு பேரும் என் அறையில் ஒரே நாற்காலியில் வெவ்வேறு நாளில் உட்கார்ந்தார்கள். ஒருவர் கதையை இன்னொருவருக்குச் சொல்ல முடியாத தொழில் என்னுடையது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து வரும் பெண்களிடம் இது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வடிவில் இருக்கிறது. யார் மகளுக்கு என்ன நகை, யார் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி. அதைவிட, தன் ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள், பார்த்தும் யார் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்ற பட்டியல் இருக்கிறதே, அது குடும்பச் சண்டைக்கே போதும். சமூக ஊடகம் என்றால் காலேஜ் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உடம்பு விஷயத்துக்குத் திரும்புகிறேன். நம் ஊரில் 'நல்லா பூசினாப்ல இருக்கே' என்பது பாராட்டு. பசிபிக் கடலில் இருக்கும் பிஜித் தீவிலும் அப்படித்தான் இருந்தது. சதைப்பிடிப்பான உடம்பு அங்கே அழகு, நல்ல கவனிப்பின் அடையாளம். அந்தத் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் டிவி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டிலும் மூன்று ஆண்டு கழித்து 1998இலும் பள்ளி மாணவிகளைக் கேட்டார். உடல் இளைப்பதற்காக வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் முதல் முறை ஒருவரும் இல்லை. இரண்டாம் முறை 11.3 சதவீதம். அது கூடத்தில் ஒரு பெட்டி, வீட்டோடு சேர்ந்து பார்த்தது. இது கையில், போர்வைக்குள், தனியாக.

எங்கள் பக்கத்தில் எடையைவிட நிறம்தான் பெரிய பிரச்சினை. கடல் வெயிலில் கறுக்காமல் யார் இருக்க முடியும்? பாசி எடுக்கப் போகிற பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் உப்பும் வெயிலுமாக நிற்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் போனில் பார்ப்பதோ மாவு பூசியது போன்ற முகங்கள். அந்தப் பாம்பன் பெண் துப்பட்டாவுக்குள் மறைத்ததும் இதைத்தான். யாரோ ரீல்ஸில் சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் ஒரு க்ரீம் வாங்கி ஏழெட்டு மாதம் பூசியிருக்கிறாள். அதில் ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் வெளுக்கும், பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும் என்பதால் நிறுத்தவும் முடியாது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது. கவுன்டரில் கேட்டதும் எடுத்து நீட்டுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம் அதிகம், ஃபில்டர் மேலல்ல. இப்படிப் பூசிக்கொண்டிருப்பவர்கள் தாமாக நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி விடுங்கள்.

நிறுவனங்களுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். இன்ஸ்டாகிராம் நடத்துகிறவர்களின் உள் ஆவணங்களை அங்கே வேலை பார்த்த ஃபிரான்சஸ் ஹாகன் 2021இல் வெளியே கொண்டுவந்தார். தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியதாகச் சொன்னார்கள் என்று அவற்றில் இருந்தது. அதே சமயம், போன் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் மனநோய் வரும் என்றெல்லாம் பயமுறுத்த நான் தயாரில்லை. எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பாதிப்பு சிறிதாகத்தான் தெரிகிறது. ஏற்கெனவே தாழ்வு மனப்பான்மையோ தனிமையோ வீட்டில் குத்திக்காட்டும் பேச்சோ இருக்கிறவர்களிடம்தான் அது ஆழமாக இறங்குகிறது. "உன் அக்கா கலர் உனக்கு வரலையே" என்று கல்யாண வீட்டில் சொன்ன அத்தைக்கு இன்ஸ்டாகிராம் கணக்கே கிடையாது. அந்தப் பெண்ணின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சரி, நான் என்ன செய்யச் சொல்கிறேன்? போனைப் பிடுங்கச் சொல்வதில்லை. பிடுங்கிய வீடுகளில் நடந்த ரகளையைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன். போனைத் திறக்கும்போது மனசு பத்துக்கு எத்தனை, வைக்கும்போது எத்தனை. இரண்டே எண்கள். யார் பக்கத்தைப் பார்த்தபோது எண் இறங்கியது என்று பெயரையும் குறிக்க வேண்டும். பெரும்பாலும் நான்கைந்து பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி 2018இல் வெளியிட்டார்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்துக்கொண்டவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. அதைவிட என்னைக் கவர்ந்தது இன்னொன்று. நேரத்தைக் குறைக்காமல், எவ்வளவு பார்க்கிறோம் என்று கணக்கு மட்டும் வைத்தவர்களுக்கும் பதற்றம் குறைந்திருந்தது. நோட்டு யோசனையை நான் விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அது ஒரு காரணம்.

அந்த நான்கைந்து பேரை அன்ஃபாலோ செய்ய வேண்டாம். சொந்தபந்தம், கண்டுபிடித்துக் கேட்பார்கள். மியூட் செய்தால் அவர்கள் போடுவது நம் கண்ணில் படாது, அவர்களுக்கும் தெரியாது. இரவில் போனை பாயிலிருந்து எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள். இதைச் சொல்கிற நானே கடைப்பிடிப்பதில் சுமார்தான். சென்னையில் பெரிய கிளினிக் திறந்த என்னுடைய வகுப்புத் தோழி ஒருத்தி மியூட்டில் இருக்கிறாள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், வெளியே போவதையே தவிர்த்தால், கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நின்றால் ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். 'செத்துடலாம்னு இருக்கு' என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எங்கள் மாவட்டத்தில் ஒரு கூடுதல் தயக்கம் உண்டு. மனசு சரியில்லை என்றால் "ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க" என்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்துப்போனது இந்த ஊர் நினைவில் இன்னும் இருக்கிறது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இப்போது குற்றம். என்னைப் போன்றவர்களின் அறையில் நடப்பது பேச்சு மட்டும்தான், டீ உண்டு.

அந்தப் பெண் கடைசியாக வந்தபோது துப்பட்டா தோளில் கிடந்தது. முகம் இன்னும் சரியாகவில்லை, தோல் மருத்துவர் ஆறு மாதம் ஆகும் என்றிருக்கிறார். செல்ஃபி எத்தனை என்றேன். "நேத்து பதினொண்ணு" என்று சிரித்தாள். கிளம்பும்போது அவள் அம்மா மட்டும் பின்தங்கினார். மகள் வாசலைத் தாண்டிவிட்டாளா என்று பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து போனை எடுத்துக் குரலைத் தாழ்த்தினார்: "அந்த மியூட்டு போடுறது எப்படின்னு எனக்கும் காட்டிக் குடுங்க டாக்டரம்மா. எங்க நாத்தனா ஒருத்தி இருக்கா."