டர்பனில் குடும்ப வீடு வாங்க விரும்பும் வெளிநாட்டவர் அறிய வேண்டிய விதிகள்

தென்னாப்பிரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ இல்லாத ஒருவரும் டர்பனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வீட்டையும் மனையையும் தம் சொந்தப் பெயரிலேயே முழு உரிமையுடன் வாங்கலாம். இதற்கு எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை; குறைந்தபட்ச விலை என்ற நிபந்தனையும் கிடையாது. மொரீஷியஸில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் அரசின் அனுமதி பெற்றோ, அங்கீகரிக்கப்பட்ட திட்டங்களின் வழியாகவோதான் வீடு வாங்க முடியும் என்பதால், இங்கும் அப்படித்தான் இருக்கும் என்று உறவினர் பலர் எண்ணுகிறார்கள். இந்த மண்ணிலேயே பிறந்த இந்திய வம்சாவளியினரான நம் முன்னோர் 1946ஆம் ஆண்டின் நிலவுடைமைச் சட்டத்தாலும், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குரூப் ஏரியாஸ் சட்டத்தாலும் விரும்பிய தெருவில் வீடு வாங்க முடியாதிருந்து, 1991இல்தான் அந்தத் தடை முற்றிலும் நீங்கியது என்பதை நினைத்தால், இன்று அயல்நாட்டவருக்கு இருக்கும் இந்தச் சுதந்திரம் சற்று வியப்பளிக்கவே செய்கிறது.

விதிவிலக்குகள் சில உண்டு. சட்டவிரோதமாக நாட்டில் தங்கியிருப்பவருக்கு வீட்டை விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் 2002ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் தடுக்கிறது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், சூலு மன்னரை அறங்காவலராகக் கொண்ட இங்கொன்யாமா அறக்கட்டளையின் பெயரில் ஏறத்தாழ 28 லட்சம் ஹெக்டேர் நிலம் இருக்கிறது. அதில் குத்தகை மட்டுமே கிடைக்கும், கிரயம் கிடைக்காது. கடற்கரையோரம் மலிவான மனை என்று யாராவது காட்டினால், அது இந்த அறக்கட்டளைக்கு உரியதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

வீடு வாங்குவதால் தங்கும் உரிமை வந்துவிடாது. எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் அதன் உரிமையாளர் விசாவைத் தனியாகத்தான் பெற வேண்டும். ஓய்வு பெற்றோருக்கான விசாவுக்கு மாதம் குறைந்தது 37,000 ராண்ட் வருமானம் காட்ட வேண்டும்; வீட்டின் மதிப்பு அந்தக் கணக்கில் சேராது.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டியது பணம் நாட்டுக்குள் வரும் வழியில்தான். தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு குடியுரிமையைப் பார்ப்பதில்லை, வசிப்பிடத்தையே பார்க்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர் அனுப்பும் தொகை, அந்நியச் செலாவணியைக் கையாள அங்கீகாரம் பெற்ற வங்கியின் வழியாக, வீடு வாங்குவதற்கான பணம் என்ற குறிப்புடன் வந்து சேர வேண்டும். அதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பதிவு முடிந்ததும் கிரயப் பத்திரத்தில் ‘நான்-ரெசிடென்ட்’ என்ற மேற்குறிப்பை வங்கியின் மூலம் இடச் செய்ய வேண்டும். இவை இருந்தால், பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது அசலையும் லாபத்தையும் வரி போக வெளிநாட்டுக்குத் திரும்ப எடுத்துச் செல்லலாம். இங்கே இருக்கும் மாமாவின் கணக்கில் போட்டு அவர் பெயரில் செலுத்தினாலோ, பயணத்தின்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொடுத்தாலோ, வீடு கிடைத்துவிடும்; ஆனால் விற்ற பணம் இந்த நாட்டிலேயே சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. வாங்கும் நேரத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை என்பதாலேயே, கேட்கப்படும் நாளில் காட்ட ஆவணம் இல்லாமல் போகிறது.

பாண்ட் என்று இங்கே சொல்லப்படும் வீட்டுக்கடனிலும் இதே பார்வைதான். வெளிநாட்டில் வசிப்பவர் விலையில் பாதி வரைதான் உள்ளூர் வங்கியில் கடன் பெறலாம். மீதிப் பாதி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வேலை அனுமதியுடன் இங்கேயே வாழ்ந்து சம்பாதிப்பவரை வங்கிகள் பொதுவாக வேறு விதமாகக் கருதும்.

இந்தியாவில் வசிப்பவருக்கு அங்குள்ள விதிகளும் பொருந்தும். இந்திய ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். குடும்பத்தினர் சிலர் சேர்ந்து அனுப்பிப் பெரிய வீடு வாங்குவது வழக்கம். அப்படியானால் பணம் அனுப்பும் ஒவ்வொருவரும் பத்திரத்தில் இணை உரிமையாளராக இருப்பதே பாதுகாப்பானது. ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகையில் 20 சதவீதத்தை வங்கி முன்வரியாகப் பிடிக்கும். அது வருமான வரிக் கணக்கில் ஈடு செய்யப்படும் என்றாலும், அந்த ரொக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். தென்னாப்பிரிக்க வங்கி கடன் தர முன்வந்தாலும், இந்தியச் சட்டப்படி அதை வாங்கலாமா என்று சொந்த வங்கியிடம் முதலில் கேட்க வேண்டும்.

விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்று 1981ஆம் ஆண்டின் நில விற்பனைச் சட்டம் கூறுகிறது. ஐந்து வேலை நாளுக்குள் மனம் மாறி விலகும் உரிமை 2,50,000 ராண்டுக்கு மேற்படாத விலைக்கு மட்டுமே உண்டு. பெரிய வீட்டுக்குக் கையொப்பமிட்டவுடன் கட்டுப்பட்டுவிடுகிறோம். கன்வேயன்சர் எனப்படும் பத்திர வழக்குரைஞரை விற்பவர் நியமிப்பார், கட்டணத்தை வாங்குபவர் கொடுப்பார். பதிவு பீட்டர்மாரிட்ஸ்பர்கில் உள்ள பத்திரப்பதிவு அலுவலகத்தில் நடக்கும். வெளிநாட்டில் கையொப்பமிடும் ஆவணங்களுக்கு முறையான சான்றுறுதி தேவை. வழக்குரைஞரின் கணக்கு எண் மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்காமல் ஒரு சென்ட்டும் அனுப்பக் கூடாது. இந்த மோசடி இங்கே மிகச் சாதாரணமாக நடக்கிறது.

உரிமை மாற்று வரியை வாங்குபவரே கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கென்று தனி விகிதம் இல்லை. 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணையில் முதல் 12,10,000 ராண்டுக்கு வரி கிடையாது. அதற்கு மேல் படிப்படியாக 3, 6, 8 சதவீதம் என ஏறி, 29,94,800 ராண்டைத் தாண்டிய பகுதிக்கு 11 சதவீதமும், 1,33,10,000 ராண்டைத் தாண்டிய பகுதிக்கு 13 சதவீதமும் ஆகிறது. உம்லாங்காவிலோ ரிசர்வாயர் ஹில்ஸிலோ 60 லட்சம் ராண்டுக்கு ஒரு வீடு வாங்கினால், இந்தக் கணக்கில் வரி மட்டும் 4,37,356 ராண்ட் வரும். மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்த கட்டுமான நிறுவனத்திடமிருந்து புது வீடு வாங்கினால் இந்த வரி கிடையாது. 15 சதவீத மதிப்புக் கூட்டு வரி விலையிலேயே அடங்கியிருக்கும்.

மூன்று தலைமுறை ஒன்றாக வாழக்கூடிய வீட்டில் பெரும்பாலும் பின்கட்டோ, தனிச் சமையலறையுடன் கூடிய இணைப்புப் பகுதியோ இருக்கும். அவை டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சி ஒப்புதல் அளித்த வரைபடத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஒப்புதல் இல்லாத கட்டடத்தின் சுமை புது உரிமையாளர் தலையில்தான் விழும். மின் இணைப்புச் சான்றிதழ் சட்டப்படி கட்டாயம். மரத்தை அரிக்கும் வண்டு இல்லை என்ற சான்றிதழ் இந்தக் கரையோரத்தில் வழக்கமானது. ‘உள்ளது உள்ளபடி’ விற்கும் பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால், கூரை ஒழுகுவதைப் பின்னால் சொல்லிப் பயனிருக்காது.

விற்கும் காலத்துக்கான விதியையும் இப்போதே அறிந்துகொள்வது நல்லது. வெளிநாட்டில் வசிப்பவர் 20 லட்சம் ராண்டுக்கு மேற்பட்ட விலைக்கு விற்றால், வாங்குபவர் அந்த விலையில் ஒரு பங்கைப் பிடித்து வருவாய்த் துறைக்குச் செலுத்த வேண்டும்: விற்பவர் தனிநபர் என்றால் 7.5 சதவீதம், நிறுவனம் என்றால் 10, அறக்கட்டளை என்றால் 15. இது இறுதி வரியன்று, முன்பணமே. லாபம் குறைவு என்று காட்ட முடிந்தால், விற்பவர் வருவாய்த் துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துக் குறைந்த விகிதத்துக்கான உத்தரவு பெறலாம். நாம் வாங்கும் வீட்டின் தற்போதைய உரிமையாளரே வெளிநாட்டில் வசிப்பவராக இருந்தால், பிடித்துக் கட்டும் பொறுப்பு நம்முடையது. தவறினால் அந்தத் தொகைக்கு நாமே பொறுப்பாவோம். ஆகவே விற்பவர் எங்கே வசிக்கிறார் என்பதைக் கையொப்பமிடும் முன்பே கன்வேயன்சரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.