பங்கர் நோட்டில் கையெழுத்துப் போடும் முன்

ராத்திரி இரண்டு மணி. கப்பலுக்கு எரிபொருள் (பங்கர்) கொண்டு வந்த பார்ஜ் படகின் ஆள் மேலே ஏறி வந்து, முன்பே சீல் வைத்த நான்கு பாட்டில்களை மேசையில் வைத்து, "சார், சாம்பிள் ரெடி, கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். தூக்கக் கலக்கத்தில் எங்கள் சீஃப் இன்ஜினியர் பங்கர் நோட்டில், அதாவது எரிபொருள் ஒப்படைப்புச் சீட்டில், போட்டுவிட்டார். அடுத்த துறைமுகத்தில் எண்ணெயில் கந்தகம் அதிகம் என்று வந்தபோது விசாரணைக்குப் போய் நின்றவர் அவர்தான், விற்றவர் அல்ல.

விதி இவ்வளவுதான்: கப்பல்களால் வரும் மாசைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தமான மார்பாலின் ஆறாம் இணைப்புப்படி, 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 0.50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (முன்பு 3.50). பால்டிக், வட கடல், வட அமெரிக்கக் கரை போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 0.10, 2025 மே 1 முதல் மத்தியதரைக் கடலிலும் அதேதான். எல்லைக்கு வந்தபின் எண்ணெய் மாற்றத் தொடங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். எல்லைக்கு முன்பே பழைய எண்ணெய் லைனிலிருந்து முழுக்கப் போயிருக்க வேண்டும், தேதி, நேரம், கப்பல் இருந்த இடம், டேங்க் அளவு எல்லாம் லாக்கில் இருக்க வேண்டும். "எரிக்கவில்லை, டேங்கில்தான் கிடக்கிறது" என்ற பதிலும் செல்லாது. புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவி நீக்கும் ஸ்க்ரப்பர் இல்லாத கப்பல் 0.50-ஐத் தாண்டிய எண்ணெயை எரிக்க வைத்திருப்பதே 2020 மார்ச் 1 முதல் குற்றம்.

சாம்பிளை உங்கள் கப்பலில் எரிபொருள் குழாய் இணையும் இடமான மேனிஃபோல்டில், பங்கர் ஏறும் நேரம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக எடுக்க வேண்டும். சீல் எண் நோட்டில் ஏறுகிறதா என்று பாருங்கள். "0.53 வரை பரவாயில்லை" என்பார்கள், நம்பாதீர்கள். அந்தச் சலுகை பின்னால் கப்பலின் டேங்கிலோ லைனிலோ எடுக்கும் சாம்பிளின் சோதனைக்கு மட்டும். விற்பவர் தருவது 0.50-க்குள்தான் இருக்க வேண்டும்.

தப்பு தெரிந்தால் அப்போதே எதிர்ப்புக் கடிதம் எழுதுங்கள். ஆபீஸைக் கேட்டால் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்பார்கள், ஏஜென்டைக் கேட்டால் ஆபீஸ் மெயில் வரட்டும் என்பார், அதற்குள் கப்பல் கிளம்பிவிடும். எத்தனை பேரை இப்படி அலையவிட்டிருக்கிறார்கள்! கேப்டனிடம் சொல்லி, கப்பல் பதிவான கொடி நாட்டு நிர்வாகத்துக்கு நேராக அனுப்பச் செய்யுங்கள், துறைமுக அதிகாரிக்கும் விற்பவருக்கும் நகலோடு.

விதிக்கேற்ற எண்ணெய் கிடைக்கவில்லை என்று தரும் அறிக்கையை அனுமதிச் சீட்டு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. அது அனுமதி இல்லை. எங்கெங்கே கேட்டீர்கள் என்பதற்குச் சான்று வேண்டும், விலை அதிகம் என்பது காரணம் ஆகாது, கரை சேரும் முன்பே அனுப்ப வேண்டும்.

நோட்டை 3 வருடம், சாம்பிளைக் குறைந்தது 12 மாதம் கப்பலில் வைக்க வேண்டும். நீங்கள் அதற்கு முன்பே இறங்கிவிடுவீர்கள். அதனால் கையெழுத்து, சீல் எண், பாட்டில் மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, அடுத்து வருபவரிடம் கையெழுத்து வாங்கிய ஹேண்டோவர் நகலோடு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.