யெல்லோஃபேஸ்: மஞ்சள் முகமா, அரிதாரமா?

கிழக்காசியர் அல்லாதவர் கிழக்காசியராக வேடம் போடுவதை ஆங்கிலத்தில் யெல்லோஃபேஸ் என்பார்கள். அதைத் தமிழில் 'மஞ்சள் முகம்' என்று எழுதினால் காரியம் கெட்டது. மஞ்சள் பூசிய முகம் நமக்கு மங்களம்; வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வரும் அத்தைதான் நினைவுக்கு வருவார். ஆங்கிலத்திலோ அது குற்றச்சாட்டு.

கிழக்காசியரை மஞ்சள் இனம் என்று ஐரோப்பியர் தரம் பிரித்ததிலிருந்து வந்த நிறம் இது. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிய 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேடை வேடத்துக்கு பிளாக்ஃபேஸ் என்று பெயர். அதே அச்சில் வார்த்த சொல்தான் யெல்லோஃபேஸ். அப்புறம் சினிமாவுக்கும் வந்தது. 1937இல் வந்த குட் எர்த் படத்தில் சீன விவசாயியின் மனைவியாக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர், ஆஸ்கரும் வாங்கினார். அந்த வேடத்துக்கு ஆசைப்பட்ட சீன வம்சாவளி அமெரிக்க நடிகை அன்னா மே வோங்குக்கு அது கிடைக்கவில்லை.

இப்போது சொல் மேடையை விட்டு இறங்கிப் புத்தக அட்டைக்கு வந்துவிட்டது. சீன வம்சாவளி அமெரிக்க எழுத்தாளர் ஆர். எஃப். குவாங் 2023இல் இதையே தலைப்பாக வைத்து ஒரு நாவல் எழுதினார். ஜூன் ஹேவார்ட் என்ற வெள்ளைக்கார எழுத்தாளர், தோழி அதீனா லியூ கண்ணெதிரே மூச்சுத் திணறி இறந்ததும் அவருடைய கைப்பிரதியைச் சுருட்டிக்கொள்கிறார். முதல் உலகப் போரில் நேச நாடுகளுக்காகப் பதுங்குகுழி வெட்டிய, சுமை தூக்கிய சீனத் தொழிலாளர்களின் கதை அது. நிஜத்தில் அப்படிப் போனவர்கள் சுமார் 1,40,000 பேர். புத்தகம் ஜூனிபர் சாங் என்ற பெயரில் வருகிறது, கூடவே எந்த இனம் என்று பிடிபடாத ஒரு போட்டோ. இதில் கில்லாடித்தனம் என்னவென்றால் சாங் பொய்ப் பெயரே இல்லை, ஹிப்பி அம்மா வைத்த நடுப்பெயர்தான். சீனப் பெயர் என்று வாசகர் நினைத்துக்கொண்டால் ஜூன் பொறுப்பா என்ன! உட்கார்ந்து திருத்தியது நான்தானே, எனக்கும் பாத்தியதை உண்டு என்று அவர் மனசுக்குள் போடும் கணக்கு இருக்கிறதே, ஆங்கிலத்தில் என்டைட்டில்மென்ட் என்கிறார்களே, அது இதுதான். பத்திரப்பதிவு வாடை அடித்தாலும் பாத்தியதைதான் சரியான சொல்.

கற்பனை என்று தள்ளவும் முடியாது. மைக்கேல் டெரிக் ஹட்சன் என்ற அமெரிக்கர் யி-ஃபென் சோ என்ற சீனப் பெயரில் எழுதிய கவிதை 2015இல் அந்த ஆண்டின் சிறந்த அமெரிக்கக் கவிதைகள் தொகுப்பில் இடம்பிடித்தது. சொந்தப் பெயரில் அனுப்பி 40 முறை திரும்பி வந்த கவிதை என்று அவரே எழுதினார்.

சரி, தமிழில்? 'பண்பாட்டு அபகரிப்பு' என்றால் ரொம்ப அகலம். உடை, இசை, சாப்பாடு எல்லாம் அதற்குள் வந்துவிடும். நான் 'இன அரிதாரம்' என்று எழுதுகிறேன். அரிதாரம் என்பதே ஒரு மஞ்சள் தாதுப்பொருள், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. கூத்தில் பூசிப் பூசி வேடப் பூச்சுக்கே பெயராகிவிட்டது. நிறமும் நடிப்பும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. வடமொழி ஹரிதாளத்திலிருந்து வந்தது என்று முகம் சுளிப்பவர்கள் ஒப்பனை என்று போடலாம்தான், ஆனால் ஒப்பனை கல்யாணப் பெண்ணுக்கும் செய்வார்கள்.