பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்

ஏற்காடு போய் வருபவர்கள் மறக்காமல் வாங்கி வருவது காபித்தூள். கவரின் முன்பக்கம் சிவந்த காபிப் பழமும் பனி மூடிய மலையும் இருக்கும். அதில் கலந்த சிக்கரி எவ்வளவு என்பது பெரும்பாலும் பின்பக்கம், பொடி எழுத்தில். கலவைத் தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், இரண்டின் அளவையும் அச்சிட வேண்டும் என்பது விதி. அதாவது 49 சதவீதம் சிக்கரி போட்டாலும் சட்டப்படி சரியான சரக்குதான். படத்தில் மட்டும் சிக்கரிக் கிழங்கு வருவதே இல்லை!

"டிகாக்‌ஷன் கருகருன்னு இறங்குது, நல்ல ஸ்ட்ராங்" என்று மெச்சுகிறோமே, அந்தக் கருப்பில் பெரும்பங்கு சிக்கரியுடையது. அதில் காஃபின் கிடையாது. உதிரியாக வாங்கிய ஃபில்டர் தூளில் சந்தேகம் இருந்தால், கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, மேலாக ஒரு சிட்டிகை தூவுங்கள், கலக்கக் கூடாது. காபி மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே அடிக்கு இறங்கும். இன்ஸ்டன்ட் தூளுக்கு இந்தச் சோதனை செல்லாது, அது கரைந்துவிடும்.

ராகி பிஸ்கட்டிலும் இதே கதை. மூலப்பொருள் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கிக் கீழிறங்கும். முதல் பெயர் 'சுத்திகரித்த கோதுமை மாவு' என்றால் அது மைதா. முன்பக்கம் பெருமையாகக் காட்டும் பொருளின் சதவீதத்தைப் பின்னால் சொல்லியாக வேண்டும். ராகிக்குப் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள். சர்க்கரை வேறு பெயர்களிலும் ஒளிந்திருக்கும். சர்க்கரை, இன்வர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ் என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். கூட்டிப் பார்த்தால் பல பிஸ்கட்டுகளில் மைதாவுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

ஜூஸ் பாக்கெட்டில் 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 200 மில்லி குடிக்கும் பிள்ளைக்கு 26 கிராம். ஒரு டீஸ்பூன் 4 கிராம். கணக்கை நீங்களே போடுங்கள். கடலை எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்பது தேங்காயில் எலும்பு இல்லை என்பது மாதிரி. எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது, ஆனால் கொழுப்பு முழுக்க முழுக்க உண்டு.

நம்ம சேலத்து ஜவ்வரிசிக்கு விளம்பரமே தேவையில்லை, நிறம் போதும். ஒளி ஊடுருவும் கவரில் பளீர் வெள்ளையாக இருப்பதையே கை எடுக்கிறது. மரவள்ளி மாவின் இயல்பான நிறம் சற்றே மங்கலானது. வெள்ளைக்கு விலை கிடைப்பதால்தான் சில ஆலைகள் வெளுக்கும் ரசாயனத்தைத் தொடுகின்றன. உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை நடத்துவதும் அதற்காகத்தான். வெள்ளையாக இருப்பதெல்லாம் ரசாயனம் என்று கண்ணால் முடிவு கட்ட முடியாது. கவரில் 14 இலக்க உரிம எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். லீ பஜாரிலோ செவ்வாய்ப்பேட்டையிலோ வாங்கும்போது, மங்கல் நிறத்தில் இருப்பதையே கேளுங்கள். நாலு பேர் கேட்டால்தான் கடைக்காரர் அடுத்த லோடில் அதை இறக்குவார்.