"அவர் நேரில் இருந்தவர்" என்று சொல்வதற்கு முன்

இருபதாம் நூற்றாண்டு உலக வரலாறு நடத்துகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். ஹிரோஷிமா பற்றி மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னால், பாதிப் பேர் ஒரே மாதிரியான வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டிய அமெரிக்கப் படைவீரர் ஒருவர், அங்கே அணுகுண்டு விழுந்திராவிட்டால் தான் உயிரோடு இருந்திருக்கப் போவதில்லை என்கிறார். கட்டுரை அதோடு முடிந்துவிடுகிறது. ஏன் இதற்கு மேல் எதுவும் எழுதவில்லை என்று கேட்டால், "மேம், அவர் நேர்ல இருந்தவர். அவரைவிட நமக்குத் தெரிஞ்சிடுமா?" என்று பதில் வருகிறது.

வகுப்பில் கேட்டால் விளக்கலாம். ஆனால் எல்லையில் பதற்றம் வரும்போதெல்லாம் இதே பேச்சு குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது, "ஒண்ணு போட்டா முடிஞ்சிரும்" என்ற வரியோடு. படித்தவர்கள், பிள்ளை வளர்க்கிறவர்கள் அனுப்புகிறார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த முதியவர் பொய் சொல்லவில்லை. 1945 கோடையில் அவர் நின்ற இடத்தை நினைத்துப் பாருங்கள். இவோ ஜிமா என்ற குட்டித் தீவைப் பிடிக்கவே கிட்டத்தட்ட 6,800 அமெரிக்க வீரர்கள் செத்திருந்தார்கள். ஒகினாவாவில் ஏப்ரலில் தொடங்கிய சண்டை ஜூன் கடைசி வரை நீண்டு, 12,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களையும், ஒரு லட்சத்தை ஒட்டிய ஜப்பானியப் படையினரையும், ஏறக்குறைய அதே அளவு ஒகினாவா பொதுமக்களையும் பலி வாங்கியிருந்தது. அடுத்தது ஜப்பானின் பிரதான நிலம். நவம்பர் 1-ஆம் தேதி கியூஷுவில் இறங்குவது, 1946 மார்ச்சில் டோக்கியோ சமவெளியில் இறங்குவது என்று திட்டம் தயாராக இருந்தது. ஜப்பானும் சும்மா இருக்கவில்லை. எங்கே இறங்குவார்கள் என்று சரியாகவே ஊகித்து, கியூஷுவில் படைகளைக் குவித்துக்கொண்டிருந்தது.

பால் ஃபஸல் என்ற காலாட்படை அதிகாரி 1945 மார்ச்சில் பிரான்ஸில் படுகாயமடைந்தார். நாற்பது சதவீதம் உடல் ஊனம் என்று பின்னாளில் கணக்கிடப்பட்டவர் அவர். அப்படியும் ஜப்பான் படையெடுப்புக்குத் தகுதியானவர் பட்டியலில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 21. பின்னாளில் இலக்கியப் பேராசிரியரான அவர், 1981-ல் அணுகுண்டை ஆதரித்து எழுதிய கட்டுரை இன்றுவரை படைவீரர் தரப்பின் வலுவான வாதம். குண்டு விழுந்த செய்தி வந்ததும் தாங்கள் நிம்மதியில் அழுததாக அவர் எழுதினார். கடற்கரையில் இறங்கிச் சாகவேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்குத்தான் குண்டைக் கண்டிப்பது எளிதாக இருக்கிறது என்றும் சாடினார். அந்தச் சாடலில் நியாயம் உண்டு. நான் பாடம் நடத்தும்போது அதை விட்டுவிடுவதில்லை.

அவர் தரப்பில் இன்னொன்றும் சேர்க்கவேண்டும், பெரும்பாலான அமெரிக்க வீரர்கள் சொல்லாதது. போர் நீண்ட ஒவ்வொரு மாதமும் சீனாவில், இந்தோனேசியாவில், வியட்நாமில், மலாயாவில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். உயிரோடு மிஞ்சியவர்களுக்கு 1945 ஆகஸ்ட் என்பது விடுதலை. ஆகவே அந்த வீடியோவின் கீழே போய்க் "கொலைகாரக் கிழவன்" என்று எழுதுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: தயவுசெய்து வேண்டாம். இருபது வயதில் சாவு தள்ளிப்போனதற்காக மகிழ்ந்தவரை ஏசுவதால் ஹிரோஷிமாவின் ஒரு குழந்தைக்கும் நீதி கிடைக்காது.

சரி, இப்போது என்னை எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன்.

"நேரில் இருந்தவர்" என்கிறீர்களே, எங்கே இருந்தார்? பிலிப்பைன்ஸ் முகாமில் இருந்திருப்பார். ஒகினாவாவில், கப்பலில், பிரான்ஸில் இருந்திருப்பார். குண்டு போட்ட விமானத்திலேயேகூட இருந்திருக்கலாம். ஆனால் ஜப்பான் ஏன் சரணடைந்தது என்பதற்கான விடை இவற்றில் எந்த இடத்திலும் இல்லை. அது டோக்கியோவில், ஒரு அறைக்குள் இருந்தது. ஆறு பேர் கொண்ட உயர் போர்க்குழு ஆகஸ்ட் 9 காலை அங்கே கூடியது. அந்த ஆறு பேரின் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லும் அப்போது அந்த வீரருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அந்த வாரத்தில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். ஆகஸ்ட் 6 காலை 8.15-க்கு ஹிரோஷிமா. ஆகஸ்ட் 8 இரவு சோவியத் யூனியன் ஜப்பான்மீது போர் அறிவித்தது. சில மணி நேரத்தில் அதன் படைகள், சீனாவின் வடகிழக்கில் ஜப்பான் பிடித்துவைத்திருந்த மஞ்சூரியாவுக்குள் புகுந்தன. மாஸ்கோவை நடுவராக வைத்துச் சமாதானம் பேசலாம் என்று அதுவரை ஜப்பானிய அரசு நம்பிக்கொண்டிருந்தது. அந்த நம்பிக்கை ஒரே இரவில் போனது. ஆகஸ்ட் 9 காலை குழு கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போதே 11.02-க்கு நாகசாகிமேல் இரண்டாவது குண்டு விழுந்தது. அதற்குப் பிறகும் குழு மூன்றுக்கு மூன்று என்று பிளந்தே நின்றது. பிரதமர் சுசுகி, வெளியுறவு அமைச்சர் டோகோ, கடற்படை அமைச்சர் யோனாய் மூவரும் பேரரசர் பதவி நிலைத்தால் போதும் என்றார்கள். போர் அமைச்சர் அனாமியும் இரு படைத் தலைவர்களும் நாட்டை ஆக்கிரமிக்கக் கூடாது, ஆயுதங்களை நாங்களே களைவோம், போர்க்குற்ற விசாரணையை நாங்களே நடத்துவோம் என்று மேலும் மூன்று நிபந்தனைகள் கேட்டார்கள். நள்ளிரவு தாண்டிப் பேரரசரே முடிவு சொல்லவேண்டியதாயிற்று. 14-ஆம் தேதி மறுபடியும் அவரே தலையிட்டார். அன்றிரவு இளம் ராணுவ அதிகாரிகள் அரண்மனையைப் பிடித்து, சரணடையும் உரையின் ஒலிப்பதிவைத் தேடினார்கள். மறுநாள் நண்பகல்தான் அந்த உரை வானொலியில் வந்தது.

இதில் எது போரை முடித்தது? முதல் குண்டா, இரண்டாவது குண்டா, சோவியத் படையா, கடல் முற்றுகையால் வந்த பட்டினியா? ஒரே நாளில் இரண்டு மருந்து கொடுக்கப்பட்டுப் பிழைத்த நோயாளியின் மகிழ்ச்சி உண்மையானது. எந்த மருந்து வேலை செய்தது என்று அவரிடம் கேட்டு என்ன பயன்? பேரரசர் ஹிரோஹிட்டோவே இரண்டு விதமாகப் பேசினார். 15-ஆம் தேதி மக்களுக்கு ஒலிபரப்பான உரையில் எதிரியின் கொடிய புதிய குண்டைக் காரணமாகச் சொன்னார். 17-ஆம் தேதி படையினருக்கு விடுத்த ஆணையில் சோவியத் போரில் இறங்கியதைச் சொன்னார். குண்டு அதில் இல்லை. ஆய்வாளர்கள் இன்றும் மோதிக்கொள்ளும் இடம் இது. ஒரு நிமிட வீடியோவில் முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

எதிர்த் தரப்புக்கும் ஒரு செல்லச் சான்று உண்டு. 1946-ல் அமெரிக்காவின் குண்டுவீச்சு மதிப்பாய்வுக் குழு, அணுகுண்டு இல்லாமலே, சோவியத் வராமலே, படையெடுப்பே நடக்காமல் 1945 டிசம்பர் 31-க்குள் ஜப்பான் நிச்சயம் சரணடைந்திருக்கும் என்று எழுதியது. அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். ஜூலையில் மாஸ்கோவிலிருந்த ஜப்பானியத் தூதர் சாட்டோ, போரை முடித்துவிடுங்கள் என்று கிட்டத்தட்ட கெஞ்சினார். நிபந்தனையற்ற சரணாகதிக்கு எந்த நிலையிலும் ஒப்ப முடியாது என்று டோகோ பதில் அனுப்பினார். அமெரிக்கர்கள் அந்தத் தந்திகளை இடைமறித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து அந்தப் பத்து லட்சம். "பத்து லட்சம் அமெரிக்க உயிர்களைக் காப்பாற்றியது" என்று எழுதாத மாணவரே இல்லை. 1947 பிப்ரவரியில் முன்னாள் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் அது ஊரெங்கும் பரவியது. அவர் சொன்னது காயம்பட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் சேர்த்த கணக்கு. 1945 ஜூனில் ராணுவத் திட்டக்குழு போட்ட மதிப்பீடுகளில் ஒன்று, இரு படையிறக்கத்துக்கும் சேர்த்து 40,000 பேர் இறப்பார்கள், 1,50,000 பேர் காயமடைவார்கள் என்றது. அது குறைத்துப் போட்டதாக இருக்கலாம்; கியூஷுவில் படைகள் பெருகியது பிறகுதான் முழுதாகத் தெரியவந்தது. நாற்பதாயிரம் என்றாலும் அது நாற்பதாயிரம் வீட்டுப் பிள்ளைகள். வாதத்துக்கு எண்ணை ஊதிப் பெரிதாக்கவேண்டிய தேவையே இல்லை. ஊதுகிறவர்மேல்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

"படைவீரர்கள் எல்லாரும் ஆதரித்தார்கள்" என்பதும் தவறு. ஹிரோஷிமா விமானத்தை ஓட்டிய பால் டிபெட்ஸ் 2007-ல் இறக்கும்வரை தான் செய்தது சரி என்றே சொன்னார். அதே நடவடிக்கையில் வானிலை பார்க்க முன்னால் பறந்த கிளாட் ஈதர்லி பின்னாளில் தன் குற்ற உணர்வை வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்க அதிபர் ட்ரூமனின் படைத்துறைத் தலைமை ஆலோசகராக இருந்த அட்மிரல் லீஹி, அந்தக் குண்டுகளால் போருக்கு உருப்படியான பயன் எதுவும் இல்லை என்று 1950-ல் எழுதினார். ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஐசன்ஹோவரும் அது தேவையில்லை என்று தான் கருதியதாகப் பின்னாளில் எழுதினார். இவர்களும் போர் பார்த்தவர்கள்தான். உங்களுக்குப் பிடித்த வீரரை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு "வீரர் சொல்கிறார்" என்றால் நான் மதிப்பெண் தரமாட்டேன்.

ஹிரோஷிமாவில் அன்று காலை யார் இருந்தார்கள் என்பது இந்தக் கட்டுரைகளில் வருவதே இல்லை. தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்கு அனுப்பப்பட்ட பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் திறந்தவெளியில் நின்றிருந்தார்கள். கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்கள் இருந்தார்கள். சிறைப்பட்ட அமெரிக்க வீரர்கள் சிலரும் இருந்தார்கள். 1945 முடிவதற்குள் ஹிரோஷிமாவில் சுமார் 1,40,000 பேரும் நாகசாகியில் சுமார் 70,000 பேரும் இறந்தார்கள். "எச்சரித்துவிட்டுத்தானே போட்டார்கள்" என்று எழுதுகிறீர்கள். மே 31 கூட்டத்திலேயே, அணுகுண்டு பற்றி ட்ரூமனுக்கு ஆலோசனை சொல்ல அமைத்த இடைக்காலக் குழு முன்னெச்சரிக்கை தரக்கூடாது என்ற முடிவுக்கு வந்துவிட்டது. அணுகுண்டு வருகிறது என்று ஹிரோஷிமாவுக்கு யாரும் சொல்லவில்லை. பெண்களும் குழந்தைகளும் இலக்கல்ல என்று ஜூலை 25-ல் தன் நாட்குறிப்பில் எழுதிய ட்ரூமன், ஆகஸ்ட் 10-ல் தன் உத்தரவில்லாமல் அடுத்த குண்டைப் போடக்கூடாது என்று நிறுத்திவைத்தார். என் கருத்தைக் கேட்டால், முதல் குண்டைப் பற்றி வாதிட இடமிருக்கிறது. முதல் குண்டின் விளைவை டோக்கியோ புரிந்துகொள்ளக்கூட நேரம் தராமல் மூன்றே நாளில் நாகசாகியை அழித்ததற்கு எந்த வீரரின் சாட்சியமும் பதிலாகாது.

வாட்ஸ்அப் பெரியவர்களுக்கு: 1945-ல் அணுகுண்டு உலகில் ஒரே ஒரு நாட்டிடம் இருந்தது. திருப்பி அடிக்க எதிரியிடம் அது இல்லை. இன்று ஒன்பது நாடுகளிடம் இருக்கிறது. நம்மிடமும் இருக்கிறது, பக்கத்து நாட்டிடமும் இருக்கிறது. அந்த முதியவர் சொன்னதில் இந்த நிலைக்குப் பொருந்தும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அவர் பேச்சை வெட்டி ஒட்டி அனுப்புவது அவருக்கே செய்யும் அநியாயம். நிறுத்துங்கள்.

மாணவர்களே, அப்படி ஒரு பேட்டி கிடைத்தால் அது எந்த ஆண்டு எடுத்தது என்று முதலில் பாருங்கள். போர் முடிந்து அறுபது, எழுபது ஆண்டு கழித்துப் பேசுகிறவரின் நினைவில் அதற்குப் பின் படித்ததும் கேட்டதும் கலந்திருக்கும். 1945-ல் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ கிடைத்தால் அதற்குத்தான் முதலிடம். அவர் கண்ணால் கண்டதை ஒரு பக்கமும், அவர் ஊகித்ததை இன்னொரு பக்கமும் எழுதுங்கள். பக்கத்திலேயே ஹிரோஷிமாவில் பிழைத்த ஒருவரின் சாட்சியத்தையும் வையுங்கள். அந்தச் சாட்சியங்களைப் பல பத்தாண்டுகளாகத் திரட்டிச் சொல்லிவந்த, குண்டில் பிழைத்தவர்களின் நிஹோன் ஹிடான்கியோ அமைப்புக்குத்தான் 2024-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. தேடினால் கிடைக்கும். கிடைக்கவில்லை என்ற சாக்கை ஏற்கமாட்டேன்.

உடன் பணியாற்றும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். "அணுகுண்டு வீச்சு சரியா, தவறா?" என்று கேட்கும் வினாவை அடுத்த பருவத் தேர்விலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, ஆகஸ்ட் 9 காலை அந்த ஆறு பேரில் ஒருவராகத் தன்னை வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்ததை மட்டும் கொண்டு வாதிடச் சொல்லுங்கள். திருத்த நேரம் அதிகமாகும், உண்மைதான். என் வகுப்பில் இந்தப் பருவம் அதைத்தான் கேட்கப்போகிறேன். வினாத்தாள் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.