வளைவே வெட்டாமல் ஒரு கில்ட்

பேன்ட் தைக்கப் பழகுகிறவர்கள் அதிகம் திணறுவது வளைவுகளில்தான். இடுப்பிலிருந்து பிட்டம் வரை உடம்பு வளையும் விதத்தைத் தாளில் வரைய வேண்டும், துணியில் வெட்ட வேண்டும், அப்புறம் வளைந்த இரண்டு ஓரங்களை இழுபடாமல் சேர்த்துத் தைக்க வேண்டும். ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும், முழங்கால்வரை வரும் பாவாடை போன்ற கில்ட்டில் இந்த வேலையே கிடையாது. நீளமான, நேரான ஒரு துண்டுத் துணி. கத்தரிக்கோல் வளைந்து போகும் இடம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஒழுங்காகத் தைத்த கில்ட் இடுப்பைக் கச்சிதமாகப் பிடிக்கும், பின்பக்கம் சுருக்கமில்லாமல் படியும், முழங்காலருகே விசிறி ஆடும். தட்டையான துணிக்கு இந்த உருவம் எங்கிருந்து வருகிறது?

மடிப்பிலிருந்து வருகிறது. இடுப்பு 86 செ.மீ., பிட்டத்தின் அகலமான இடம் 100 செ.மீ. உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். வித்தியாசம் 14 செ.மீ. மேலிருந்து கீழே சுமார் 20 செ.மீ. தூரத்துக்குள் இந்த 14 செ.மீ. துணி கண்ணில் படாமல் போக வேண்டும். பேன்ட்டில் அதை வெட்டி எறிகிறோம், ரவிக்கையில் டாட் (கூம்பாக ஒடுங்கும் சிறு தையல் மடிப்பு) பிடிக்கிறோம். கில்ட்டில் பின்பக்கத்துக்கு உரிய பாதியை இருபது முப்பது மடிப்புகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டு ஒளித்துவைக்கிறார்கள், மீதியை முன்பக்க மடல்களின் ஓரங்களில் மடித்துவிடுகிறார்கள்.

இது ஆரம்பத்திலேயே இருந்த ஏற்பாடு அல்ல. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் வழக்கத்துக்கு வந்த பெரிய கில்ட், தையல் போடாத ஒரு நீளக் கம்பளித் துணி. சேலைக் கொசுவம் போல ஒவ்வொரு முறையும் கையால் மடித்து, பெல்ட்டால் இறுக்கி, மேல்பாதியைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கீழ்ப்பாதி மட்டும் தனி உடையானது. 1746இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மலைநாட்டு உடையைத் தடை செய்தது. 1782இல் தடை நீங்கியது. மடிப்புகளை நிரந்தரமாகத் தைத்துவிடும் வழக்கம் அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. அந்தக் காலத்துத் தைத்த கில்ட்டுகளுக்கு ஏறக்குறைய 4 கெஜம் துணிதான் பிடித்தது. இன்று திருமணங்களுக்கும் விழாக்களுக்கும் தைக்கும் 8 கெஜ கில்ட் பிறகு வளர்ந்த ஆடம்பரம். ஆகவே முதல்முறை தைக்கிறவர் 4 கெஜத்தோடு நிறுத்திக்கொண்டால் அதைக் குறுக்குவழி என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது கணக்கு. கில்ட்டின் முன்பாதி தட்டையானது. அங்கே ஏப்ரன் எனப்படும் இரண்டு மடல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகின்றன. மடிப்புகள் எல்லாம் பின்பாதியில். நம் ஆளுக்குப் பிட்டத்தில் 50 செ.மீ., இடுப்பில் 43 செ.மீ. மடிப்புகளுக்கு ஒதுக்க வேண்டும். 20 மடிப்பு என்றால், வெளியே தெரியும் அகலம் கீழே 2.5 செ.மீ., மேலே 2.15 செ.மீ. ஒவ்வொரு மடிப்பும் 5 செ.மீ. ஆழம் உள்ளே போனால், அது போய்த் திரும்பும் துணி 10 செ.மீ. ஆக ஒரு மடிப்புக்கு 12.5 செ.மீ., இருபதுக்கு 250. ஏப்ரன்கள் இரண்டுக்கும் தலா 50, ஓரங்களுக்கும் ஏப்ரனை ஒட்டிய ஆழமான மடிப்புக்கும் ஒரு 30. மொத்தம் 380 செ.மீ. 150 செ.மீ. அகலமுள்ள துணியில் 2 மீட்டர் வாங்கி, நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து ஒட்டுப்போட்டால் 4 மீட்டர் கிடைத்துவிடும். ஒட்டு ஒரு மடிப்பின் உள்ளே போய் மறைந்துகொள்ளும்.

மடிப்பைத் தைக்கும்போது துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, மடிந்த விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி ஒரு கோடு தைக்கிறோம். இடுப்பை நெருங்கும்போது அந்தக் கோடு 5.175 செ.மீ.க்கு நகர்ந்திருக்க வேண்டும். அதாவது 20 செ.மீ. நீளத்தில் 2 மில்லிமீட்டர்கூட நகரவில்லை. கோணமாகச் சொன்னால் அரை டிகிரி. உடம்பின் பின்பக்க உருவம் முழுவதும் இந்த அரை டிகிரிச் சாய்வுகளில்தான் இருக்கிறது. சாய்வு இவ்வளவு சிறியதாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. நூலின் போக்குக்கு அதிகச் சாய்வாகத் தைத்தால் துணி இழுபட்டு நெளியும். அரை டிகிரியில் அந்தத் தொல்லை வராது.

ஆனால் அதே காரணத்தால் கில்ட் தவறை மன்னிக்காது. தையல் கோடு 1 மி.மீ. பிசகினால் மடிப்புக்குள் போகும் துணி 2 மி.மீ. மாறும், ஏனென்றால் இரண்டு அடுக்கையும் சேர்த்துத்தான் தைக்கிறோம். இருபது மடிப்பிலும் ஒரே பக்கமாகப் பிசகினால் 4 செ.மீ. போச்சு, பக்கிள் எட்டாது. பிசகு ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே என்று ஒழுங்கில்லாமல் இருந்தால், அவை ஒன்றையொன்று ஓரளவு கழித்துக்கொள்ளும். புள்ளியியல் சொல்வது, அப்படிப்பட்ட பிழை எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் வளரும் என்று. இருபதின் வர்க்கமூலம் ஏறத்தாழ நாலரை. மொத்தப் பிழை பெரும்பாலும் 1 செ.மீ.க்குள் அடங்கிவிடும். கை நடுங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம். டேப்பை எப்போதும் ஒரே பக்கம் சாய்த்துப் படிக்கும் பழக்கமும், தடித்த சாக்பீஸ் கோட்டின் வெளிவிளிம்பிலேயே தைத்துக்கொண்டு போகும் பழக்கமும்தான் ஆபத்து.

இதற்கு மருந்து எளிது. முந்தைய மடிப்பிலிருந்து அடுத்ததை அளக்காதீர்கள். துணியின் ஒரு முனையைப் பூஜ்யமாக வைத்து, 12.5, 25, 37.5 என்று எல்லாக் குறிகளையும் அங்கிருந்தே போடுங்கள். ஒரு குறியில் பிசகினால் அது அடுத்ததற்குத் தாவாது. கட்டம் போட்ட துணியானால் நெய்தவரே அளவுகோலைத் துணியில் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு நடுவில் வருமாறு பார்த்துக்கொண்டால் போதும். டார்ட்டன் என்ற ஸ்காட்லாந்துக் கட்டத் துணியில் அந்நாட்டுப் படைப்பிரிவுகள் பலவும் இப்படித்தான் கோட்டுக்கு மடிக்கின்றன. கட்டம் முழுதாகத் தெரியுமாறு மடிக்கும் முறையும் உண்டு. பார்க்க அழகு, ஆனால் மடிப்பு ஆழம் கட்டத்தின் அளவுக்குக் கட்டுப்பட்டுவிடுவதால் முதல் கில்ட்டுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

துணியைப் பற்றி. தறியின் அகலத்துக்கு எல்லை உண்டு, நீளத்துக்கு இல்லை. கில்ட்டுக்கு வேண்டியதோ சுற்றளவு. அதனால் பாவு நூல் உடம்பைச் சுற்றிப் போகுமாறு துணியைப் படுக்கவாட்டில் வைக்கிறார்கள், துணியின் கரை கீழ்விளிம்பாகிறது. கரை பிரியாது என்பதால் நல்ல கில்ட்டுக்குக் கீழே மடித்துத் தைக்க வேண்டியதில்லை. கடையில் வாங்கும் பருத்தித் துணியின் கரை பெரும்பாலும் பார்க்க நன்றாக இருக்காது. அதைக் கிழித்துவிட்டு மடித்தே தைக்க வேண்டிவரும். அப்படியானால் மடிப்பு வைப்பதற்கு முன்பே கீழ்விளிம்பைத் தைத்து முடித்துவிடுங்கள். மடித்தபின் உள்ளே ஊசி போகாது.

டுவில் நெசவு எடுங்கள். அதில் ஒரு நூல் இரண்டு நூல்களைத் தாண்டித்தான் கீழே இறங்கும். சாதா நெசவைவிடப் பின்னல் புள்ளிகள் குறைவு, நூல்கள் நகர இடம் அதிகம், துணி எளிதாக மடிந்து தொங்கும். துணி எவ்வளவு விறைப்பு என்று அளக்க மான்செஸ்டரின் ஷர்லி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எஃப். டி. பியர்ஸ் 1930இல் ஒரு வழி சொன்னார். துணிப் பட்டையை மேசை விளிம்புக்கு வெளியே மெல்லத் தள்ள வேண்டும். குறிப்பிட்ட கோணத்துக்கு அது தலைகுனிய எத்தனை நீளம் வெளியே வர வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனை இன்றும் ஜவுளி ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது. கடை மேசையில் நீங்களும் இரண்டு துணிகளை இப்படி ஒப்பிடலாம். கித்தான் மாதிரி நீண்டுகொண்டே போவது வேண்டாம், உடனே சரிந்து விழுவதும் வேண்டாம். எடை 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) சரியாக வரும்.

12.5 செ.மீ. துணி 2.5 செ.மீ.க்குள் அடங்குவதால், ஐந்து அடுக்குத் துணி பின்னால் தொங்கும்போது அது எப்படிப் பலகை மாதிரி நிற்காமல் ஆடுகிறது என்று கேட்கலாம். ஒரு தகடு வளைவதை எதிர்க்கும் வலு, தடிமனை அதனாலேயே மூன்று முறை பெருக்கி வரும் கனத்துக்கு ஏற்பக் கூடும். ஐந்து மடங்கு தடித்தால் 125 மடங்கு விறைப்பு. ஆனால் மடிப்பின் அடுக்குகள் ஒட்டியிருக்கவில்லை, ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. அதனால் ஐந்து அடுக்குக்கு ஐந்து மடங்கு விறைப்புதான். மேலே, தையல் போட்ட 20 செ.மீ. பகுதியில் அடுக்குகளால் அவ்வளவு நகர முடியாது. அங்கே ஓரளவு விறைத்துக்கொண்டு பின்பக்கம் சமமாகப் படியும். ஒரே துணி, தையல் முடிகிற கோட்டுக்கு மேலே ஒரு குணம், கீழே ஒரு குணம்.

அந்தக் கோட்டுக்குக் கீழே மடிப்பைப் பிடித்துவைப்பது இஸ்திரி மட்டும்தான். இங்கேதான் இழையின் வேதியியல் வருகிறது. கம்பளி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் நீண்ட மூலக்கூறுகளைப் பலவீனமான ஹைட்ரஜன் பிணைப்புகளும், வலுவான கந்தகப் பிணைப்புகளும் இணைத்திருக்கின்றன. காய்ந்த கம்பளி இளக 100 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். முழுக்க நனைந்த கம்பளி அறை வெப்பநிலையிலேயே இளகிய நிலையில்தான் இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து ஹைட்ரஜன் பிணைப்புகளை விலக்கிவிடுவதே காரணம். ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்யும்போது பிணைப்புகள் அவிழ்ந்து, மடிந்த நிலையில் புதிதாகக் கோத்துக்கொள்கின்றன. நீராவியில் நன்றாக ஊறினால் கந்தகப் பிணைப்புகளில் சிலவும் இடம் மாறும். அந்த மடிப்பு மழையில் நனைந்தாலும் சுலபத்தில் போகாது. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 1950களில், கம்பளியில் மடிப்பை நிலைக்கச் செய்யும் சிரோசெட் என்ற முறையைக் கண்டுபிடித்தது இந்தக் கந்தகப் பிணைப்புகளைப் பிடித்துத்தான். தலைமுடியைச் சுருட்ட அழகுநிலையத்தில் போடும் ரசாயனத்தின் உறவுக்கார ரசாயனம் அதில் பயன்பட்டது. முடியும் கெரட்டின்தானே.

பருத்தியில் கந்தகப் பிணைப்பு கிடையாது. ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும் நம்பிய மடிப்பு, ஒரு துவைப்பில் போய்விடும். பாலியெஸ்டர் வேறு ரகம்: 70, 80 டிகிரியைத் தாண்டினால் இளகும், ஆறினால் அப்படியே உறையும். சாதாரண வேளைக்குத் தைக்கும் கில்ட்டுக்குப் பாலியெஸ்டர், விஸ்கோஸ் கலந்த துணியைப் பலர் தேடிப்போவது விலைக்காக மட்டுமல்ல, இந்த மடிப்புக்காகவும்தான்.

எந்த இழையானாலும் இஸ்திரியில் இரண்டு விஷயம் முக்கியம். மடிப்புகளின் கீழ்ப்பகுதியை முதலில் கச்சாத் தையல் (பிறகு உருவிவிடும் தற்காலிகத் தையல்) போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்டியை வைத்து அழுத்தி எடுங்கள், தேய்த்து இழுக்காதீர்கள். இளகிய துணி இழுத்த பக்கம் நீளும். அப்புறம், ஆறும்வரை துணியைத் தொடக் கூடாது. மடிப்பு நிலைப்பது சூட்டில் அல்ல, ஆறும்போது. சூடாக இருக்கும்போதே தூக்கி மாட்டினால் அதுவரை செய்த வேலை பாதி வீண்.

மேல்பட்டி வைக்கும் இடத்தில் தடிப்பு அதிகம். ஐந்து அடுக்கோடு பட்டியும் சேரும்போது வீட்டு மிஷின் முனகும். மடிப்பின் உட்பகுதியை இடுப்பருகே மட்டும் வெட்டிக் குறைத்துவிட்டு, அந்த இடத்துக்குப் பலம் கொடுக்க உள்ளே ஒரு கேன்வாஸ் பட்டை வைக்கலாம்; தேர்ந்த கில்ட் தையல்காரர்கள் செய்வதும் இதுதான். 16ஆம் நம்பர் ஊசி போட்டு, தடித்த இடத்தில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஒவ்வொரு ஏப்ரனிலும் குறைக்க வேண்டிய 7 செ.மீ.யை அதன் இரண்டு ஓரங்களுக்கும் பங்கிட்டு, மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் சாய்வாக உள்ளே மடித்துவிடலாம். தோல் வாரும் பக்கிளும் அழகுதான். முதல் கில்ட்டுக்கு வெல்க்ரோ போதும். மேல் ஏப்ரன் உடுத்துபவரின் வலப்பக்கம் வந்து முடிய வேண்டும். அதன் கீழ் மூலையில் குத்தும் கில்ட் ஊசியை மேல் மடலில் மட்டும் குத்துங்கள். அதன் எடை மடலைக் காற்றில் பறக்கவிடாமல் வைக்கும். இரண்டு மடலையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி கிழியும்.

பருத்தியில் தைப்பதானால் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை துவைத்து உலர்த்திவிடுங்கள். தைத்தபின் 3 சதவீதம் சுருங்கினாலே சுற்றளவில் 3 செ.மீ. போய்விடும். பிறகு துவைக்கும்போதெல்லாம் மடிப்புகளின் கீழே மறுபடி கச்சாத் தையல் ஓட்டிவிட்டுத் தண்ணீரில் போட்டால், காய்ந்ததும் இஸ்திரி போட வசதியாக மடிப்புகள் அதே இடத்தில் இருக்கும். இஸ்திரி ஆறியபின் நூலை உருவிக்கொள்ளலாம்.